ஜிகினாப் படகும் ஆவணி லீவும்

என் கல்யாணம் ஒரு பழைய அமெரிக்கப் படகை நம்பி இருந்தது.

அப்போது நான் துபாய் அல் குசைஸில் ஒரு ஃபைபர் கம்பெனியில் தண்ணீர் டேங்க் செய்துகொண்டிருந்தேன். கம்பெனி என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். ஒரு தகரக் கொட்டகை, நான், ரெங்கராஜ் அண்ணன், எங்களுக்கு விசா கொடுத்த கஃபீல், அவ்வளவுதான். பாஸ்போர்ட்டெல்லாம் கஃபீலின் இரும்பு அலமாரியில் இருந்தது. ஆவணியில் எனக்கும் சந்தியாவுக்கும் முகூர்த்தம் குறித்திருந்தார்கள். லீவ் கிடைக்காமல் தை முகூர்த்தம் ஏற்கெனவே தள்ளிப்போயிருந்தது. இன்னொரு தடவை தள்ளினால் பெண்ணுக்கு வேறு இடம் பார்ப்பேன் என்று அவளுடைய அப்பா போனிலேயே சொல்லிவிட்டார். சொன்னால் செய்கிற மனிதர். எனக்கு அவரைப் பிடிக்காததற்கு அதுவும் ஒரு காரணம்.

லீவ் கேட்கப் போனபோது கஃபீல் வாசலில் கிடந்த படகைக் காட்டினார். ஊருக்குத் திரும்பிப்போன அமெரிக்கர் ஒருவரிடம் வாங்கியதாம்.

“போட் கலாஸ், துமாரா லீவ் பி கலாஸ்,” என்றார், அரபியும் இந்தியும் கலந்து.

கலாஸ் என்றால் முடிந்தது. படகைச் சரிசெய்து முடித்தால் லீவ் உறுதி என்கிறாரா, லீவே கிடையாது என்கிறாரா என்று தூங்காமல் குழம்பிவிட்டு, மறுநாள் போய்த் திரும்பக் கேட்டேன். உறுதிதான்.

அது ஏரியில் மீன் பிடிக்கிற படகு. தட்டையான உடம்பு. முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று சலூனில் இருப்பதுபோல உயரமான சுழல் நாற்காலிகள். வெளிப்பக்கம் முழுக்கச் சிவப்பு ஜிகினா, அதுவும் பாதி வெளுத்துப்போனது. தரைப்பலகை உளுத்து, கால் வைத்தால் முழங்கால்வரை உள்ளே போனது. நடுவில் ஒரு தொட்டி வேறு. அது எதற்கென்று கஃபீலிடம் கேட்டுவந்து ரெங்கராஜ் அண்ணனுக்குச் சொன்னேன்.

“மீனைப் புடிச்சு இந்தத் தொட்டியில உசுரோட வச்சிருந்து, எடை பாத்துட்டு, திரும்ப ஏரியிலயே விட்டுருவாங்களாம்ணே.”

“கொழம்பு?”

“வைக்க மாட்டாங்களாம்.”

அதற்குப் பிறகு அண்ணன் அந்த அமெரிக்கரைப் பற்றி மரியாதையாகப் பேசியதே இல்லை. எனக்கு மட்டும் ஒரு யோசனை சொன்னார்.

“மாப்ள, ரொம்ப நல்லா செஞ்சுறாத. நல்லா செஞ்சா உன்னைய விடவே மாட்டான். மோசமா செஞ்சா விசாவ கேன்சல் பண்ணி அனுப்பிருவான். நடுவாப்புல செய்யி.”

நல்ல யோசனைதான். ஆனால் என் கைக்கு நடுவாந்தரம் என்பது வராது. உளுத்த பலகையெல்லாம் பிடுங்கிப் போட்டுப் புதிது வைத்தேன். ஜூலை வெயிலில் ரெசின் பசையில் அதை இறுகவைக்கும் ஹார்ட்னரை ஊற்றித் திரும்புவதற்குள் வாளி புகைவிட்டுக் கல்லாகிவிடும். அதனால் விடியற்காலையில் எழுந்து ஃபைபர் மேட் ஒட்டினேன். ஜிகினா எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை. கடைசியில் பர்தாவுக்கு வேலைப்பாடு செய்யும் காயல்பட்டினத்து சதக்கத்துல்லா பாயிடம் போய் நின்றேன்.

“எத்தனை பர்தாவுக்கு வேணும்?” என்றார்.

“ஒரு போட்டுக்கு பாய்.”

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு டப்பாவோடு எடுத்துக் கொடுத்தார். அதைத் தூவி மேலே பளபளப்புக்கு ஜெல்கோட் பூச்சு அடித்து முடித்த அன்று, படகைப் பார்க்கக் கண் கூசியது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. ரெங்கராஜ் அண்ணன் மட்டும் துக்க வீட்டுக்கு வந்தவர்போல நின்றார்.

எஞ்சினை ஒரு மெக்கானிக் பார்த்துக் கொடுத்ததும் படகை மம்சார் கடற்கரைக் காயலுக்குக் கொண்டுபோய்த் தண்ணீரில் இறக்கினோம். கஃபீல் ஏறி உட்கார்ந்தார். காயலைத் தாண்டி, நேராகக் கடலுக்கே முழு வேகத்தில் விட்டார். ஏரிப்படகுக்குக் கடல் அலையைப் பற்றி என்ன தெரியும்? திரும்பி வந்தபோது அவருடைய வெள்ளை அங்கியிலிருந்து தண்ணீர் சொட்டியது.

“போட் கராப்? துமாரா காம் கராப்?” என்றார். படகு மோசமா, உன் வேலை மோசமா என்று கேட்கிறார்.

பின்னாலிருந்து அண்ணன் கிசுகிசுத்தார். “வேலதான் மோசம்னு சொல்லிரு மாப்ள. கோவத்துல அனுப்பிருவான். தாலியக் கட்டிட்டு வேற விசாவுல வந்துக்கலாம்.”

சந்தியாவை நினைத்துக்கொண்டு அப்படியே சொல்லத்தான் வாயைத் திறந்தேன். என் வேலையை நானே மோசம் என்பதா? கோபம் முந்திக்கொண்டது.

“போட் அச்சா. காம் அச்சா. சலானேவாலா கராப்,” என்று வந்துவிட்டது. ஓட்டினவர்தான் மோசம்.

அண்ணன் தலையில் கைவைத்து மணலில் உட்கார்ந்துவிட்டார். கஃபீல் படகுச் சாவியை என் கையில் வைத்தார்.

“யல்லா. தும் சலாவ்.” சரி, நீயே ஓட்டு என்கிறார்.

நான் பெரம்பலூர்க்காரன். எங்கள் ஏரியில் தண்ணீர் நின்றாலே அதிசயம். எனக்கு நீச்சலும் தெரியாது. சொன்ன வார்த்தைக்காக ஏறினேன். கஃபீல் முன்னால் இருந்த உயர நாற்காலியில் உட்கார்ந்தார். நான் காயலுக்குள்ளேயே உருட்டிக்கொண்டு போனேன். அவர்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் படவில்லை. மனிதருக்கு ஒரே சந்தோஷம்.

“அச்சா டிரைவர். ஆஜ் சே தும் போட் டிரைவர். லீவ் மாஃபி.”

இன்றிலிருந்து நீ டிரைவர், லீவ் கிடையாது. அதைக் கேட்டதும் என் கை தன்னால் வேக லீவரை முன்னே தள்ளிவிட்டது. படகு மூக்கைத் தூக்கிக்கொண்டு பாய்ந்தது. பயந்துபோய் லீவரைப் பின்னால் இழுத்தேன். வரவில்லை. ஆட்டமே இருக்கக் கூடாது என்று நான்தான் அதை அத்தனை இறுக்கமாக மாட்டியிருந்தேன்.

“லீவர், லீவர்,” என்று கத்தினேன். காற்றில் அவர் காதுக்குப் பாதிதான் போயிருக்கிறது.

நாற்காலியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, “ஏக் மஹினா,” என்றார். ஒரு மாதமாம்.

“லீவர்.”

“தோ மஹினா.”

எதிரே கடல் தெரிந்தது. “லீவர்,” என்றேன் அழாத குறையாக.

“டிக்கெட் பி, டிக்கெட் பி.”

இரண்டு கையாலும் தொங்கியதில் அது ஒருவழியாகப் பின்னால் வந்தது. படகு நின்றது. மெதுவாகக் கரைக்குத் திருப்பினேன். கஃபீல் வாக்குத் தவறாத மனிதர். அன்று சாயங்காலமே அலமாரியைத் திறந்துவிட்டார்.

போன் கார்டு வாங்கி ஊருக்குப் பேசினேன். சந்தியாவின் அப்பாதான் எடுத்தார். ஆவணிக்கு வருகிறேன், இரண்டு மாதம் லீவ், டிக்கெட்டும் முதலாளி செலவு என்றேன். அவர் நம்பவில்லை.

“அவ்வளவு லேசுல எப்படிப்பா குடுத்தான்?”

“கேட்டேன், குடுத்துட்டாரு மாமா,” என்றேன்.