மேல் வரிசை

நல்லமுத்து இறந்து இருபத்தாறு மணி நேரம் ஆகியிருந்தது. குழியை எங்கே வெட்டுவது என்று இன்னும் முடிவாகவில்லை.

அருளாயி அப்பாவின் மூக்கில் இருந்த பஞ்சை மாற்றினாள். பழைய பஞ்சு ஈரமாகவும் பழுப்பாகவும் இருந்தது. அதைத் தாளில் மடித்து அடுப்பில் போட்டாள். வெளியே தூறிக்கொண்டிருந்தது. மலைக்குளிரில் உடம்பு தாங்கும் என்று வந்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். சொன்னவர்கள் வாசலோடு நின்றுகொண்டார்கள்.

தேயிலைத் தோட்டத்துக் கிறிஸ்தவக் கோயிலின் பின்னால் இருந்த அந்த ஒற்றை அறையில் நல்லமுத்து முப்பத்தொரு வருடம் இருந்தார். கோயில்பிள்ளை வேலை. மணியடிப்பது, பெருக்குவது, குழி வெட்டுவது. கோயில் வெள்ளைக்காரத் துரைமார் கட்டியது. அவர்களுடைய கல்லறைகள் மேட்டில், சைப்பிரஸ் மரங்களுக்கு அடியில் ஒரே வரிசையாக இருந்தன. லயத்து வீடுகளில் இருந்த தொழிலாளர்களைக் கீழே, மழைத்தண்ணீர் ஓடும் கானைத் தாண்டிய சரிவில் புதைத்தார்கள்.

"பெரிய கிளாக்கரய்யா கூப்புடுறாரு" என்றான் தம்பி அழகுமுத்து. "பாத்துப் பேசு அக்கா."

தோட்டத்து ஆபீஸில் பெரிய கிளாக்கரான இராசரத்தினம்தான் கோயில் கமிட்டிக்குச் செயலாளர். அங்கி மாற்றும் அறையில், பாதிரியாரின் நாற்காலியில் உட்கார்ந்து பிஸ்கட்டைத் தேநீரில் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் அவர் மனைவி குணபூசணி. கைக்குட்டையில் ஓடிக்கொலோன் தெளித்து மூக்கருகே வைத்திருந்தாள். பிணம் இருந்த அறைக்கும் அந்த அறைக்கும் நடுவே முழுக் கோயிலும் இருந்தது.

"இஞ்ச பார் பிள்ளை" என்றார் இராசரத்தினம். "மேல் வரிசை துரைமாருக்கெண்டு விட்ட இடம். நான் செத்தாலும் என்னையே அங்க வைக்கேலாது."

"அப்பா கேட்டது அது ஒண்ணுதாங்க. ஹார்விக் தொரை பக்கத்துல வையின்னாரு."

"ஏனாம்?"

அருளாயி தரையைப் பார்த்தாள். அழகுமுத்து முந்திக்கொண்டான்.

"அப்பாவுக்கு அந்தக் கல்லு மேல ஒரு பைத்தியங்க ஐயா. சனிக்கிழம தவறாம தேங்கா நாரு போட்டுத் தேச்சுக் கழுவுவாரு. பூவும் வைப்பாரு."

"அது எனக்குத் தெரியும். துரைமாரில அவ்வளவு விசுவாசம்." இராசரத்தினத்தின் மீசையில் பிஸ்கட் துணுக்கு ஒட்டியிருந்தது. "அதுக்காகச் சட்டத்தை மாத்தேலுமே? கானுக்கு அங்கால வையுங்கோ."

கானுக்கு அங்கால். ஐம்பத்தேழாம் வருடத்து மார்கழி மழையில் அந்தச் சரிவுதான் இடிந்து விழுந்தது. பாயும் பலகையும் எலும்புமாகக் கீழே தேயிலைக்குள் கிடந்தன. அருளாயியின் அம்மா அம்மாக்கண்ணுவைப் புதைத்து அப்போது இரண்டு வருடம். கிறிஸ்துமஸ் ஆராதனைக்கு ஐந்து நாள் இருந்தது. துரைமார் வரும் வழியில் இது கண்ணில் படக்கூடாது, எல்லாவற்றையும் வாரி, ஒரே கிடங்கு தோண்டிப் போட்டு மூடு என்று கமிட்டி சொல்லிவிட்டது. அழகுமுத்து அப்போது கொழும்பில் ஒரு கடையில் இருந்தான். நல்லமுத்து மூன்று நாள் தனியாக வாரினார். கிடங்கில் எத்தனை பேர் என்று எவரும் கேட்கவில்லை.

குணபூசணி கைக்குட்டையை எடுத்தாள்.

"இஞ்சருங்கோ, நாளைக்கு ஹார்விக் துரையின்ர பேத்தி லண்டனிலயிருந்து வாறா எல்லே? அவவுக்கு முன்னால அடக்கம் பண்ணினா எவ்வளவு வடிவா இருக்கும். துரையின்ர காலடியில வையுங்கோ. விசுவாசமான வேலைக்காரன் எண்டு ஒரு பலகையும் நடலாம்."

இராசரத்தினம் யோசித்தார். கோயில் கூரை ஒழுகியது. பேத்தி வசதியானவள் என்று கேள்வி.

"நல்ல யோசினை. நாளைக்குப் பதினொரு மணிக்கு வைப்பம்."

"ஐயா, நாளைக்கு வரைக்கும் அப்பா தாங்க மாட்டாருங்க."

"வெள்ளையடிச்சு மிஞ்சின சுண்ணாம்பு கிடக்குது. நாத்தத்துக்கு அதைப் போடுங்கோவன்" என்று சொல்லிவிட்டு அவர் இன்னொரு பிஸ்கட்டை எடுத்தார்.

 அருளாயி வெளியே வந்து சுவரோரம் துப்பினாள். புதுச் சுண்ணாம்பு பூசிய சுவர். அவள் கைபட்ட இடத்தில் வெள்ளை ஒட்டிக்கொண்டது.

"நீ கேட்டதுதான் கெடச்சிருச்சே" என்றான் அழகுமுத்து. "மூஞ்சிய ஏன் அப்பிடி வச்சிருக்க?"

"நாயப் பொதைக்கிற மாதிரி காலடியில வைக்கிறாங்கடா."

"எந்த எடமா இருந்தா என்ன? அப்பா வேலைய எனக்கே தர்றேன்னு ஐயா சொல்லிட்டாரு. இந்தக் காம்பராவும் நமக்குத்தான். நீ பாட்டுக்கு வாயத் தொறந்து கெடுத்துப்புடாத."

அவன் நகத்தில் அப்பாவின் குழிமண் இன்னும் படவில்லை. அதற்குள் அவன் அறையின் சாவியை இடுப்பில் செருகியிருந்தான்.

சாயங்காலம் லயத்திலிருந்து மீனம்மா பாலில்லாத சாயத்தண்ணி கொண்டு வந்தாள். அவள் ஒருத்திதான் அறைக்குள் வந்து உட்கார்ந்தாள்.

"என்னமோ போ. பொண்டாட்டி உசுரோட இருந்தப்ப ஒரு முழம் பூ வாங்கிக் குடுத்ததில்ல ஒங்கப்பன். செத்துப்போன தொரைக்கு வாரா வாரம் பூவு. நான்கூட நேர்லயே கேட்டேன், ஏன் மாமா, தொரைதான் ஒனக்குச் சம்சாரமான்னு."

"அதுக்கு என்ன சொன்னாரு?"

"சிரிச்சாரு. அந்த மனுசன் சிரிச்சு அன்னைக்குத்தான் பாத்தேன்."

அருளாயி சாயத்தண்ணியைக் குடிக்காமல் கையில் வைத்திருந்தாள். மீனம்மா போன பிறகு சுண்ணாம்பு வாளியைத் தூக்கிக் கொண்டுபோய்க் கானில் கொட்டினாள்.

ஞாயிறு காலை பெட்டியை மூடிவிட்டார்கள். மூடியும் வாடை நிற்கவில்லை. ஆராதனை முடிந்ததும் ஹட்டனிலிருந்து வந்த பாதிரியார் முன்னே நடந்தார். கொழுந்தெடுக்கும் பெண்கள் கானுக்கு அந்தப் பக்கமே நின்றார்கள். மேட்டுக்கு ஏறி அவர்களுக்குப் பழக்கமில்லை.

ஹார்விக் துரையின் பேத்தி மெலிந்த பெண். ஐம்பது வயது இருக்கும். சேறு படிந்த சப்பாத்தோடு தாத்தாவின் கல்லுக்கு முன்னால் நின்றாள். கல்லில் 1889 என்று தெளிவாகத் தெரிந்தது. வரிசையில் மற்ற கற்களெல்லாம் பாசி பிடித்துக் கிடந்தன. அவள் இங்கிலீஷில் ஏதோ சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"சந்தோசப்படுறா" என்றார் இராசரத்தினம், கூட்டத்தைப் பார்த்து.

பெட்டியை இறக்கினார்கள். நாற்பத்தைந்து மணி நேரம். பாதிரியார் ஜெபத்தைச் சீக்கிரம் முடித்தார். பிறகு இராசரத்தினம் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, முதலில் இங்கிலீஷிலும் அடுத்துத் தமிழிலும் பேசினார். எசமானைக் காணாமலே எசமானுக்கு ஊழியம் செய்த மனிதர் என்றார். செத்தும் எசமானின் காலடியைத்தான் கேட்டார் என்றார். பேசும்போது மூக்கைப் பாதி பொத்திக்கொண்டார். அழகுமுத்து ஒவ்வொரு வசனத்துக்கும் தலையாட்டினான்.

அருளாயி மண்வெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மண் முழுவதும் விழும்வரை பேசுவதில்லை என்று நேற்றே முடிவு செய்திருந்தாள். அவளுக்கு எண்ணுவதைத் தவிர வேறு வேலை இல்லை. நூற்றுப் பதினேழாவது வெட்டில் குழி தரைமட்டத்துக்கு வந்தது. மேலும் இருபது வெட்டில் மேடானது. அழகுமுத்து மண்வெட்டியின் பின்புறத்தால் தட்டிச் சமப்படுத்தினான்.

பேத்தி அருளாயியின் பக்கம் வந்தாள். கையைப் பிடித்துக்கொண்டாள். கையுறை மெத்தென்று இருந்தது. மெதுவாக ஒரு கேள்வி கேட்டாள்.

"உன்ர அப்பா ஏன் இந்தக் கல்லில மட்டும் இவ்வளவு அன்பு வைச்சவர் எண்டு கேக்கிறா" என்றார் இராசரத்தினம். குரலைத் தாழ்த்தி, "துரைமாரில மரியாதை எண்டு மட்டும் சொல்லு, காணும்" என்றார்.

"நான் சொல்றத அப்பிடியே சொல்லுவீங்களா ஐயா?"

"ஓமோம், சொல்லு."

"மண்ணு சரிஞ்சப்ப எல்லாத்தையும் ஒரே குழியில தள்ளச் சொன்னீங்க. அப்பா எங்கம்மாவத் தள்ளல. அம்மாவுக்குக் கால் ஒடிஞ்சு எலும்பு கோணலா சேந்திருந்துச்சு. அத வச்சு அடையாளங் கண்டுக்கிட்டாரு. கொழுந்து சாக்குல கட்டி, இந்தக் கல்லு எப்பவும் சரியாதுன்னு, இதுக்கு அடியில தோண்டி வச்சாரு. சாக்கு வாயப் புடிச்சிக்கிட்டு நின்னது நாந்தான்."

அழகுமுத்துவின் கையில் மண்வெட்டி நின்றது. கானுக்கு அந்தப் பக்கம் மீனம்மா முக்காட்டைத் தள்ளிவிட்டு மேட்டைப் பார்த்தாள்.

"அவரு வாராவாரம் கழுவுனது அவங்க தாத்தா கல்ல இல்லீங்க. எங்கம்மா கல்ல. சொல்லுங்க ஐயா."

பேத்தி கையை விடாமல், புன்னகையோடு, இராசரத்தினத்தின் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.