பாத்ரூம் காலியாக இருந்த வாரம்

எங்கள் வீட்டில் பாத்ரூம் ஒன்று, ஆள் மூன்று: நான், என் கணவர், அண்ணி என்று நான் கூப்பிடும் அவருடைய அக்கா. பள்ளிக்கூட வேன் ஓட்டும் என் கணவருக்குச் சர்க்கரையும் உண்டு, இதயமும் கொஞ்சம் பலவீனம். இரண்டுக்கும் சேர்த்து டாக்டர் ஒரு மாத்திரை கொடுத்திருந்தார். அது சர்க்கரையைச் சிறுநீரோடு வெளியேற்றிவிடும், அடிக்கடி பாத்ரூம் போகவும் வைக்கும். அதனால், நான் தையல் கம்பெனிக்குக் கிளம்பும் நேரம் பார்த்துத்தான் மனிதர் உள்ளே போய்த் தாழ்ப்பாள் போடுவார். அண்ணி கதவைத் தட்டுவார். யார் எவ்வளவு நேரம் உள்ளே இருந்தோம் என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிற ரகம். எனக்கு அவரைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும்.

மழைக்காலத்தில் கணவருக்கு வைரஸ் காய்ச்சல். ஓயாத இருமல், ஒரு வாய் இறங்கவில்லை. பட்டினியாகக் கிடக்கும்போது அந்த மாத்திரை வேண்டாம், சாப்பிட ஆரம்பித்ததும் தன்னைக் கேட்டுத் தொடர வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். காய்ச்சல் விட்டது. கணவர் வேனையும் எடுத்தார். பாத்ரூம் காலியாகவே கிடந்தது. நான் ஆற அமரக் குளித்துவிட்டு நேரத்துக்குப் பஸ் பிடித்தேன். மாடி ஏறினால் அவருக்கு மூச்சு வாங்கியது. காய்ச்சல் அசதி என்றார், நானும் நம்பினேன்.

ஒருநாள் காலையில் அண்ணி பாத்ரூம் வாசலில் நின்று யோசித்தார்.

"ஏம்மா, ஒரு வாரமா நான் இந்தக் கதவத் தட்டவே இல்லியே. அவன் அந்த மாத்திரையப் போடுறானா?"

கணவர் திருடனுக்குத் தேள் கொட்டினாற்போல் உட்கார்ந்திருந்தார். வேன் நிறையப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு வழியில் எங்கே இறங்குவது, இதுவே சௌகரியம் என்று விட்டுவிட்டாராம். அண்ணி குனிந்து தம்பியின் காலை விரலால் அழுத்தினார். அழுத்திய இடம் குழியாகவே நின்றது. கால் முழுக்க நீர் வீக்கம்.

ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். வைரஸ் ஏற்கெனவே இதயத்தைக் களைக்கவைத்திருக்கிறது, மாத்திரையும் இல்லாததால் நுரையீரலில் நீர் கோத்துவிட்டது என்றார் டாக்டர். இன்னும் தாமதித்திருந்தால் தன் கையில் இருந்திருக்காது என்றார். அப்போது போன என் உயிர், கணவர் வீட்டுப் படியேறிய பிறகுதான் திரும்பியது.

மாத்திரை மறுபடி தொடங்கியாயிற்று. இன்று காலையும் தோளில் துண்டோடு நிற்கிறேன், உள்ளே தாழ்ப்பாள். "உள்ள குடித்தனமா நடத்துற?" என்று அண்ணி தட்டினார், என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கையை இறக்கினார். அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"தட்டுங்க அண்ணி, நல்லாத் தட்டுங்க. நீங்க கேட்டதாலதான் இன்னைக்கு உள்ள ஆளு இருக்கு."

பஸ் போயிருக்கும். போகட்டும்.