ஒலி தின்னும் கோளில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

அண்ணியின் தொண்டையில் மிளகு அளவுக்கு ஒரு சதை வளர்ந்திருக்கிறது என்று டாக்டர் சொன்னபோது அண்ணனுக்கு முகம் வெளிறிப்போனது. அண்ணி மட்டும் நிதானமாக, "எடுத்துட்டா எத்தனை நாள் பேசக் கூடாது?" என்று கேட்டார்.

"பதினாலு நாள். கிசுகிசுன்னுகூடப் பேசக் கூடாது. அது கத்தறதைவிட மோசம்."

"குரல் பழையபடி வந்துருமா?"

"பெரும்பாலும் வந்துரும்."

அந்தப் 'பெரும்பாலும்' எங்களோடு பஸ் ஏறி வீடு வரைக்கும் வந்தது. அண்ணி ரயில் நிலையத்தில் அறிவிப்பாளர். எந்த ரயில் எந்த மேடைக்கு வருகிறது, எது எத்தனை நிமிடம் தாமதம் என்று ஒரு நாளைக்கு நூறு தடவையாவது சொல்கிறவர். அவருக்குக் குரல்தான் சோறு.

அந்தக் குரலுக்கு இன்னொரு வேலையும் இருந்தது. ஞாயிறு மதியம் மூன்று மணிக்கு அண்ணன் வீட்டுச் சாப்பாட்டு மேஜையைச் சுற்றி நாங்கள் உட்கார்ந்து ஒரு விண்வெளிக் கதை ஆட்டம் ஆடுவோம். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம். நம் பாத்திரம் என்ன செய்கிறது என்பதை நாம் சொல்ல வேண்டும். அது பலிக்குமா பலிக்காதா என்பதை இருபது முகப் பகடை சொல்லும். நடத்துகிறவர் அண்ணி. கதை மலிவுத்தாள் நாவல் ரகம்: நெருப்பு கக்கும் ராக்கெட், கதிர்த் துப்பாக்கி, மூன்று கண் முதலைகள், எல்லா நட்சத்திரங்களையும் ஆள நினைக்கும் ஊதா ராணி.

அண்ணன் முதல் தடவை கூப்பிட்டபோது, இந்த வயதில் இது தேவையா என்றுதான் நினைத்தேன். நான் லிஃப்ட் மெக்கானிக். நாள் முழுக்க லிஃப்ட் குழிக்குள் தலையை விட்டுக்கொண்டிருக்கிறவன். எதற்கும் லேசில் பதற மாட்டேன். அன்றைக்கு அண்ணி எங்கள் ராக்கெட்டின் இன்ஜின் அணைவதைச் சொல்லச் சொல்ல எனக்கு உள்ளங்கை வியர்த்துவிட்டது. அதற்குப் பிறகு ஒரு ஞாயிறுகூட நான் தவறவிடவில்லை.

நாங்கள் நாலு பேர். அண்ணன் அச்சகத்தில் பைண்டிங் வேலை பார்க்கிறவர், ஆட்டத்தில் விமானி. நான் 'தகரம்' என்கிற ரோபோ. கீழ்வீட்டு டெய்லர் அக்கா பள்ளிச் சீருடை தைக்கிறவர். யாரிடமும் அதிர்ந்து பேச மாட்டார். ஆனால் மேஜைக்கு வந்துவிட்டால் அவர் கேப்டன் புயல். நாலாவது ஆள் அண்ணனின் நண்பர், பல்செட் செய்கிறவர். நாங்கள் வைத்த பெயர் ரேடியோ. வாயை நம்பிப் பிழைக்கிற அவர் தன் வாயை மூடி யாரும் பார்த்ததில்லை. ஆட்டத்தில் அவர் ஒரு பித்தலாட்ட வியாபாரி. எந்த ஆபத்திலிருந்தும் பேசியே தப்பித்துவிடுவார்.

எட்டு மாதமாக நடந்த கதை முடியப் போகிற நேரத்தில்தான் இந்தத் தொண்டை விவகாரம் வந்தது. தள்ளிப்போடவும் வழியில்லை. டெய்லர் அக்கா மாதக் கடைசியில் மகளோடு இருக்க வேறு ஊருக்குப் போகிறார். மிச்சம் இருந்தது ஒரே ஞாயிறு.

புதன்கிழமை ஆபரேஷன் நடந்தது. வியாழக்கிழமை நாங்கள் பார்க்கப் போனபோது அண்ணி கட்டிலில் சாய்ந்து ஒரு சிலேட்டை மடியில் வைத்திருந்தார். அதில் எழுதிக் காட்டினார்: 'ஞாயிறு மூணு மணி. வழக்கம்போல.'

"விளையாடறியா நீ? பேசாம எப்படி நடத்துவே?" என்றார் அண்ணன்.

"நான் இருக்கேன்ல தங்கச்சி! நீ கதையை எழுதிக் குடு, நான் நடத்திடறேன். குரலுக்கா பஞ்சம்?" என்றார் ரேடியோ.

அண்ணி அவரைப் பார்த்துச் சிரித்தார். சிலேட்டை அழித்துவிட்டு, 'வேண்டாம்' என்று ஒரே சொல் எழுதினார்.

ஞாயிறு மூன்று மணிக்குப் போனால் மேஜை அடையாளமே தெரியவில்லை. கவிழ்த்த பாத்திரங்கள் மேல் கறுப்புப் போர்வை, அது மலைகள். போர்வை மேல் சாக்குக்கட்டியால் வரைந்த ஒரு பாதை. ஓரத்தில் டேபிள் ஃபேன், அதன் முன்னால் ஈரத் துண்டு. நடுவில் ஒரு ஸ்டீல் டம்ளரும் முப்பது சட்டைப் பட்டன்களும். அண்ணி ஆளுக்கொரு சீட்டு கொடுத்தார். எல்லாவற்றிலும் ஒரே வாசகம்:

'இந்தக் கோளில் ஒலி தின்னும் பிராணிகள் உறங்குகின்றன. நீங்கள் பேசும் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு பட்டன் டம்ளரில் விழும். முப்பதும் விழுந்தால் அவை எழுந்துகொள்ளும்.'

"அடேயப்பா!" என்றார் ரேடியோ.

டிங்.

"என்னது, இதுக்குமா?"

டிங். டிங்.

டெய்லர் அக்கா தன் கையால் அவர் வாயைப் பொத்தினார். அண்ணன் தோள் குலுங்கக் குலுங்கச் சத்தமில்லாமல் சிரித்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அண்ணி தன் குறையை மறைக்கவோ சமாளிக்கவோ பார்க்கவில்லை. அதையே கோளாக்கி எங்களை அதில் இறக்கிவிட்டிருக்கிறார்.

ஃபேனைப் போட்டார். ஈரத் துண்டு வழியாக வந்த காற்று முகத்தில் பட்டதும் உடம்பு சிலிர்த்தது. ஒரு சீப்பின் பற்களில் நகத்தை மெதுவாக ஓட்டினார். போர்வைக்கு அடியில் ஏதோ ஆயிரம் காலோடு ஊர்வது போல இருந்தது. நாங்கள் சைகையில் காட்டினோம். அவர் அதைப் படித்து, பலிக்க எவ்வளவு வேண்டும் என்று விரலில் காட்டி, மேஜையில் இரண்டு தட்டுத் தட்டுவார். உடனே பகடையை உருட்ட வேண்டும்.

குகை வாசலில் ஒரு இரும்புக் கதவு. ரோபோ என்ன செய்யும் என்பது போல எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்குத் தெரிந்ததைத்தான் செய்தேன். மாடியில் லிஃப்ட் கதவு சிக்கிக்கொண்டால் வெளியிலிருந்து திறக்க ஒரு முக்கோணச் சாவி உண்டு. அதை இடுப்பிலிருந்து எடுத்து, கதவின் மேல்மூலையில் விட்டு, கால் சுற்றுத் திருப்பி, தோளால் கதவைத் தள்ளுவதாக நடித்துக் காட்டினேன். என் வேலையை அண்ணி பக்கத்திலிருந்து பார்த்ததே இல்லை. இருந்தாலும் மூன்று விநாடி உற்றுப் பார்த்துவிட்டு, 'இவனுக்குத் தெரிந்த வேலை' என்பது போலத் தலையாட்டி ஐந்து விரலை மட்டும் காட்டினார். பகடையில் பதினொன்று விழுந்தது. பதினைந்து வருஷமாக அந்தச் சாவியோடு அலைகிறேன். அதற்காக யாரும் என்னை அப்படிப் பார்த்ததில்லை.

இரண்டு மணி நேரம் போனதே தெரியவில்லை. அண்ணன் இரண்டு முறை வாய் தவறினார், நான் ஒரு முறை. ரேடியோ மட்டும் தனி ஆளாகப் பதினேழு பட்டன்களை விழவைத்தார். பிறகு அவரும் அடங்கிவிட்டார். பேச்சு நின்றதும் அவர் கைகள் வேறு ஆளுடையவை போல ஆகிவிட்டன. பல்லைக் கடுகளவு கடுகளவாக நாள் முழுக்கச் செதுக்குகிற கைகள் அல்லவா? ஒரு காவலாளிக்கு லஞ்சம் கொடுத்து, பேரம் பேசி, பாதியைத் திரும்ப வாங்கியது வரை எல்லாவற்றையும் விரல்களாலேயே சொல்லிவிட்டார்.

கடைசி அறையில் டெய்லர் அக்காவின் பகடையில் ஒன்று விழுந்தது. கேப்டன் புயல் பிடிபட்டார். அண்ணி எழுந்து ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, ஊதாக் காகிதம் சுற்றிய டார்ச்சைத் தன் முகத்துக்குக் கீழே பிடித்தார். அது அண்ணியின் முகமே இல்லை. கண் இமைக்காமல் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்துவிட்டு ஒரு சீட்டை மேஜையில் வைத்தார்.

'கேப்டனை விடுகிறேன். பதிலுக்கு உங்களில் ஒருவர் குரலை எனக்குத் தர வேண்டும். நிரந்தரமாக.'

நாலு நாளாக அந்த வீட்டில் எல்லோரும் நினைத்ததும், ஒருவரும் வாய்விட்டுச் சொல்லாததும் அதுதான். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார்.

ரேடியோ எழுந்தார். ஏதோ சொல்லித் தப்பிக்கப் போகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் இரண்டு விரலைத் தன் தொண்டைக்குழியில் வைத்து, உள்ளேயிருந்து எதையோ மெதுவாக உருவி எடுப்பது போலச் செய்தார். அதை உள்ளங்கையில் வைத்து ஒரு கணம் பார்த்தார். பிறகு மேஜையைச் சுற்றி வந்து ராணியின் கையில் வைத்து விரல்களை மூடிவிட்டார்.

அண்ணியின் நோட்டைப் பிறகு பார்த்தேன். அந்த இடத்தில் நாங்கள் சண்டை போடலாம், ஏமாற்றலாம், ஓடலாம் என்று மூன்று வழிக்கும் கதை எழுதி வைத்திருந்தார். இந்த நாலாவது வழி அதில் இல்லை.

ஆனாலும் அவர் தடுமாறவில்லை. பகடையை ரேடியோ பக்கம் தள்ளினார். பதினைந்துக்கு மேல் விழுந்தால் குரல் தப்பும் என்று விரலில் காட்டினார். ரேடியோ உருட்டினார். ஏழு.

அண்ணன், 'விட்டுடேன்' என்று கண்ணாலேயே கெஞ்சினார். அண்ணி விட்டிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டோம். அவர் தலையை ஆட்டி மறுத்தார். ரேடியோவின் பாத்திரத்துக்கு என்னென்ன திறமை என்று எழுதியிருந்த அட்டையை எடுத்து, 'பேச்சுத் திறமை' என்ற வரியின் மேல் பென்சிலால் ஒரு கோடு போட்டார். அவசரமே படவில்லை. போட்டுவிட்டு அவர் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். பொய்யாக ஜெயிக்கவைத்திருந்தால் அந்த மனிதர் கொடுத்ததற்கு மதிப்பே இல்லாமல் போயிருக்கும். அது எனக்கு வீட்டுக்குப் போகிற வழியில்தான் புரிந்தது. அண்ணிக்கு அந்த நிமிடமே புரிந்திருக்கிறது.

பிறகு டார்ச்சை அணைத்துத் திரையை விலக்கினார். ராக்கெட் கிளம்பியது. டம்ளரிலிருந்த பட்டன்களைப் போர்வை மேல் கொட்டினார். கறுப்பு முழுக்க வெள்ளை நட்சத்திரம்.

"பறந்துட்டோம்!" என்று டெய்லர் அக்கா கத்திய கத்தலில் தெருவில் போன ஒருவர் அண்ணாந்து பார்த்தார்.

அன்று இரவு எட்டு மணிக்கு ரேடியோவின் மனைவி அண்ணனுக்கு ஃபோன் செய்தார். "அண்ணே, இவருக்கு என்ன ஆச்சு? வந்ததிலிருந்து வாயே திறக்கலை. கேட்டா தொண்டையைக் காட்டிக் கையை விரிக்கிறார். டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகவா?" மறுநாள் காலையில்தான் அவர் பேசினாராம். அதுவும் அடுப்பில் பால் பொங்கி வழிந்ததால்.

இரண்டு நாள் கழித்து அண்ணியிடம் கேட்டேன். "அந்தக் கடைசிச் சீட்டை எழுதும்போது உங்களுக்குப் பயமா இல்லையா அண்ணி?"

சிலேட்டில் எழுதினார்: 'இருந்தது. என்கிட்டயே வெச்சிருந்தா தூக்கம் வராது. அதான் ராணிகிட்ட குடுத்துட்டேன்.'

பதினைந்தாம் நாள் டாக்டர் பேசச் சொன்னார். வந்தது பழைய குரல் இல்லை. கொஞ்சம் கனத்து, ஓரத்தில் மணல் ஒட்டியது போல இருந்தது. நிலைய அதிகாரி மூன்று தடவை பேசவைத்துக் கேட்டுவிட்டு, "தெளிவா இருக்கும்மா, இது போதும்" என்றார். முதல் இரண்டு மாதம் அரை நாள் வேலை. வீட்டில் நீளமாகப் பேசுவதற்கும் தடை.

அதனால் புதுக் கதையை அண்ணன் நடத்தினார். டெய்லர் அக்கா ஊரிலிருந்து ஃபோனில் சேர்ந்துகொண்டார். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அண்ணி எங்களோடு ஒரு ஆட்டக்காரராக உட்கார்ந்தார். எவ்வளவு நுட்பமாக ஆடப்போகிறாரோ என்று காத்திருந்தோம். ஆட்டம் தொடங்கிப் பத்தாவது நிமிடம் வெள்ளைக் கொடியோடு ஒரு தூதுவர் வந்தார். அண்ணி கதிர்த் துப்பாக்கியால் அவரைச் சுட்டுவிட்டார்.

"சமாதானம் பேச வந்த ஆளை ஏன் சுட்டே?" என்று அண்ணன் அலறினார். ஒரு வாரம் உட்கார்ந்து எழுதிய கதை அவருக்கு.

"இத்தனை நாளா எனக்கு யாரும் துப்பாக்கியே குடுக்கலியே" என்றார் அண்ணி, அந்த மணல் குரலில்.