நடந்தே வீடு போன செவலை

அண்ணனுக்குக் குதிரை என்றால் உயிர். மற்ற பிராணிகள் எல்லாம் அவன் கணக்கில் வெறும் சத்தம். அப்பா விட்டுப்போன பண்ணையை அவனும் தங்கையும் சேர்ந்துதான் நடத்தினார்கள். குதிரைகளை வளர்ப்பது, பழக்குவது, விற்பது எல்லாம் அவன் பாடு. தங்கை கால்நடை மருத்துவம் படித்துவிட்டு வந்து, லாயத்துக்குப் பின்னால் சும்மா கிடந்த தீவனக் கொட்டகைக்கு வெள்ளையடித்து, அதைச் சிகிச்சைக் கூடமாக்கிவிட்டாள். காது வீங்கிய நாய், கால் ஒடிந்த ஆடு, இறகு பிய்ந்த வாத்து என்று வாசலில் எந்நேரமும் கூட்டம்.

“குதிரைப் பண்ணைன்னு போர்டு வெச்சுட்டு வாத்துக்குக் கட்டுப் போடுறோம். வெளியில தலைகாட்ட முடியல,” என்று புலம்புவான் அண்ணன்.

“வாத்துக்கும் வலிச்சா நொண்டத்தானே செய்யும்?” என்பாள் அவள், கையில் இருக்கும் வேலையை விடாமல்.

இப்படி இருக்கும்போதுதான் செவலை வந்தது. ஊரின் மறுகோடியில் சவாரிப் பள்ளி நடத்துபவரின் குதிரை. மேட்டில் அதை ஏற்றி வந்த வண்டி கவிழ்ந்து, பின்னங்கால் கிழிந்து எலும்பு தெரிந்தது. அண்ணன் குனிந்து பார்த்தான். நிமிர்ந்து உதட்டைப் பிதுக்கினான்.

“தேறாதுங்க. வதைக்காம ஊசி போட்டு முடிச்சுடுங்க.”

“எங்கிட்ட விட்டுட்டுப் போங்க, நான் பாத்துக்கறேன்,” என்றாள் தங்கை.

வாடிக்கையாளர் முன்னால் தன் பேச்சுக்கு மேல் பேசிவிட்டாளே என்று அண்ணன் சில நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். அவள் கண்டுகொள்ளவில்லை. புண்ணைக் கழுவினாள், கட்டு மாற்றினாள், குழாய்த் தண்ணீரைக் காலில் பீய்ச்சிக்கொண்டு காலை முழுவதும் நின்றாள். சதை மூடியதும் மணலில் மெல்ல நடக்கவிட்டாள். அண்ணன் அந்தப் பக்கம் போகிற சாக்கில் பார்க்காத மாதிரி பார்ப்பான். கோடை போய் மழையும் ஓய்ந்தது.

ஒருநாள் சவாரிப் பள்ளிக்காரர் புது வண்டியோடு வந்தார். வண்டியின் பின்கதவைச் சாய்த்து இறக்கியதுதான் தாமதம், செவலை காலை ஊன்றிக்கொண்டு நின்றுவிட்டது. அண்ணன் கொஞ்சினான், கொள்ளு காட்டினான், கண்ணைக் கட்டிப் பார்த்தான். தனக்குத் தெரிந்த வித்தை அத்தனையும் காட்டிவிட்டான். சட்டை நனைந்ததுதான் மிச்சம். ஓட்டுநர் பொறுமை இழந்து சாட்டையை எடுத்தார். அண்ணன் அதை வெடுக்கென்று பிடுங்கி எறிந்தான்.

“இங்க அந்த வேலையே வேணாம்!”

“அதுக்கு வண்டியப் பாத்துதான் பயம். ரோட்டப் பாத்து இல்ல,” என்றாள் தங்கை. “நடந்தே கூட்டிட்டு வரேன்.”

“ஊரையே தாண்டணுமேம்மா!” என்றார் பள்ளிக்காரர்.

“தாண்டிட்டாப் போச்சு.”

“பாக்கறவங்க சிரிப்பாங்க,” என்று அண்ணன் காதைக் கடித்தான்.

“சிரிச்சா பல்லு தெரியும். நட.”

தங்கை தலைக்கயிற்றைப் பிடித்து முன்னால் நடந்தாள். அண்ணன் வாகனங்கள் போகிற பக்கமாகக் குதிரையை அணைத்தபடி வந்தான். காலி வண்டி விளக்கைச் சிமிட்டிக்கொண்டு பின்னால் ஊர்ந்தது. கடைத்தெருவில் முடிதிருத்துபவர் கத்தியும் கையுமாக வெளியே வந்தார். அவருக்குப் பின்னால் பாதி முகம் நுரையோடு ஒரு ஆள். பள்ளிக்கூடச் சுவர்மேல் வரிசையாகத் தலைகள் முளைத்தன. அண்ணன் தரையைப் பார்த்தபடியே நடந்தான்.

பாலத்தில் ஏறியதும், எதிரே வந்த பேருந்து காதைப் பிளக்கிற மாதிரி ஹாரன் அடித்தது. செவலை முன்னங்கால்களைத் தூக்கிக்கொண்டு எழும்பியது. அண்ணன் பாய்ந்தான். தங்கை வேண்டாம் என்று தலையசைத்தாள். கயிற்றைச் சற்றே தளரவிட்டு, அது கால் ஊன்றியதும் கழுத்தில் உள்ளங்கையை வைத்து என்னவோ சொன்னாள். செவலை மூக்கை உதறிப் பெருமூச்சு விட்டது. பிறகு நடந்தது.

அப்போதுதான் அண்ணன் அந்தச் சத்தத்தைக் கேட்டான். தார்ச்சாலையில் நான்கு குளம்புகளும் ஒரே அளவாக விழுந்துகொண்டிருந்தன. ஒன்று மெதுவாக, ஒன்று அழுத்தி என்றில்லை. குளம்புச் சத்தத்தை வைத்தே நொண்டலைக் கண்டுபிடிக்கிறவன் அவன்; எவ்வளவு உற்றுக் கேட்டும் குறை அகப்படவில்லை. தரையைப் பார்ப்பதை விட்டு நிமிர்ந்தான்.

பாலம் இறங்கும் இடத்தில் பழக்கடைக்காரர் கேட்டார்: “என்னங்க, விக்கவா?”

“விக்கறதா? இதோட காலு கிழிஞ்சு எலும்பு தெரிஞ்சுதுங்க. நானே தேறாதுன்னு சொல்லிட்டேன். என் தங்கச்சி நடக்க வெச்சுட்டா. இதோ, இவதான்!”

அதற்குப்பின் கேட்டவர்களுக்குச் சொன்னான். கேட்காதவர்களையும் கூப்பிட்டுச் சொன்னான். தங்கைக்குக் காது சிவந்துபோயிற்று.

சவாரிப் பள்ளியின் பயிற்சியாளர் செவலையின் காலைத் தடவிப் பார்த்தார். ஒரு சுற்று ஓடவிட்டார். “யாரு வைத்தியம் பாத்தது?” என்று அவர் கேட்டு முடிப்பதற்குள், அண்ணன் தங்கையின் தோளைப் பிடித்து முன்னால் தள்ளினான். பள்ளிக்காரர் அவளைப் பார்த்துக் கைகூப்பினார்.

தேநீர் வந்தது. வேலையாட்கள் எல்லாரும் கூடிவிட்டார்கள். அண்ணன் பாலத்துக் கதையை ஆரம்பித்தான்.

“எதிர்ல ஒரு லாரி வருது பாருங்க, மலை மாதிரி...”

“பஸ்ஸுண்ணா,” என்றாள் தங்கை.

“நீ சும்மா இரு. குதிரையப் புடிச்சுட்டிருந்த உனக்கு என்ன தெரியும்? பக்கத்துல நின்னு பாத்தவன் நான்!”