முயல் பார்க்கிற ஆள்

சனிக்கிழமை காலைகளில் முயலைத் தராசுக் கூடைக்குள் வைக்கும்போது பூரணி மூச்சை அடக்கிக்கொள்வாள். மூச்சு விட்டால் முள் இறங்கிவிடும் என்று ஒரு பயம். உவர்மலை பங்களாவின் விறாந்தை வளையில் வில்லுத் தராசு ஒன்று தொங்கியது. அதில் கூடை, கூடைக்குள் முயல். ஆட்டுக்குட்டி அளவு முயல். சாம்பல் நிறம். காதுகள் பூரணியின் முழங்கை நீளம். வெள்ளைக்காரத் துரை குனிந்து முள்ளைப் பார்ப்பார், சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னக் கொப்பியை எடுத்து எழுதுவார். அந்த எண் அடுத்த தபாலில் நுவரெலியாவுக்குப் போகும். அங்கே அவருடைய மகள், ஒன்பது வயது மிஸ்ஸி, தாயோடு இருந்தாள். சித்திரை வருசப்பிறப்புக்கு ஐந்து நாள் முன்னால் ஜப்பான்காரன் துறைமுகத்தில் குண்டு போட்ட கையோடு வெள்ளைக்காரப் பெண்களையும் பிள்ளைகளையும் மலைநாட்டுக்கு ஏற்றி அனுப்பினார்கள். முயலுக்கு மட்டும் வண்டியில் இடம் கிடைக்கவில்லை.

அதே குண்டில்தான் பூரணியின் புருசன் சோமசேகரத்தின் கால் போனது. போனது என்றால் வெட்டி எடுக்கவில்லை. கால் இருந்தது. சீனன்குடா எண்ணெய்த் தாங்கியடியில் வேலை செய்துகொண்டிருந்தவனின் வலது கெண்டைக்குள் இரும்புத் துண்டொன்று இறங்கி எலும்பைத் தொட்டிருந்தது. எட்டு மாதமாக அந்தப் புண் மூடவில்லை. திங்களும் வியாழனும் நேவி ஆஸ்பத்திரியில் சீழை எடுத்து, கழுவி, மருந்து கட்டிவிடுவார்கள். இரண்டு தவணை தவறினால் காய்ச்சல் மண்டைக்கு ஏறும். ஒருமுறை தவறிப் பார்த்தாயிற்று. அந்த ஆஸ்பத்திரி காவல் எல்லைக்குள் இருந்தது. எல்லைக்குள் இருக்கப் பாஸ் வேண்டும். ஊர்ச் சனத்தையெல்லாம் வெளியே அனுப்பிவிட்ட பிறகு பாஸ் என்பது லேசில் கிடைக்கிற சாமான் இல்லை.

பூரணிக்குக் கிடைத்தது. மிஸ்ஸி அழுததால் கிடைத்தது. முயலைப் பார்க்க ஆள் வேண்டும் என்று பங்களாவில் துணி தோய்த்துக்கொண்டிருந்த பூரணியைக் குடும்பத்தோடு பின்னறையில் இருக்கச் சொன்னார்கள். துரையின் ட்றைவர், கிண்ணியாக்காரன் கலீலுர் றஹ்மான், அந்தப் பாஸை வாங்கி எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான். என்ன வேலை என்ற இடத்தில் காவல்காரி என்றும் இல்லையாம், வேலைக்காரி என்றும் இல்லையாம். முயல் பார்க்கிற ஆள் என்று இருக்கிறதாம். பூரணிக்குச் சிரிப்பு வரவில்லை. அவளுக்கு விளங்கியது ஒன்றுதான். முயல் இருந்தால் பாஸ். பாஸ் இருந்தால் மருந்து. மருந்து இருந்தால் புருசன்.

மிஸ்ஸி போகும்போது முயல் பதினான்கு றாத்தல். கார்த்திகையில் பதினொன்றுக்கு வந்தது. கப்பலிலிருந்து வந்த ஓட்ஸ் சாக்கு முடிந்துவிட்டது, அதனால்தான் என்று எல்லாரும் நினைத்தார்கள். மிஸ்ஸி இருந்த காலத்தில் விடிந்ததும் முயலைத் திறந்து முன்முற்றத்துப் புல்தரையில் விடுவாள். அது மத்தியானம் வரைக்கும் தலையைக் குனிந்தபடி அங்கேயே திரியும். பிள்ளை விளையாட விடுகிறது என்றுதான் பூரணியும் நினைத்தாள், துரையும் நினைத்தார். இப்போது அந்தப் புல்தரையைக் கிண்டிப் பதுங்கு குழி வெட்டியிருந்தார்கள். வெளியே விட்டால் நரி பிடிக்கும், நரி விட்டால் பட்டாளத்துச் சோல்தாதுகளின் சட்டிக்குப் போய்விடும் என்று பூரணி அதைக் கூட்டிலேயே பூட்டி வைத்திருந்தாள்.

அந்தச் சனிக்கிழமை துரை முள்ளைத் தட்டித் தட்டிப் பார்த்தார். பிறகு கலீலிடம் இங்கிலீசில் ஏதோ சொல்லிவிட்டுக் காரில் ஏறினார். கலீல் தலையைச் சொறிந்தான். பத்துக்குக் கீழே இறங்கினால் முயலைக் கறிக்கு மெஸ் குசினிக்கு அனுப்பிவிட்டு, செத்துப்போனது என்று மிஸ்ஸிக்கு எழுதிவிட்டு, பங்களாவைப் பூட்டப் போகிறாராம். நல்லாச் சாப்பாடு போடச் சொன்னாராம். எவ்வளவு என்று கேட்டாள் பூரணி. அது அவருக்கும் தெரியாது என்றான் கலீல். போகிற போக்கில், தூணைப் பிடித்துக்கொண்டு நின்ற அவளுடைய ஆறு வயது மகள் பத்மாசனியைப் பார்த்து, "அக்கா, இவளையும் ஒருக்காக் கூடைக்குள்ள தூக்கி வையுங்கோ. ஆர் கூட எண்டு பாப்பம்" என்றான். பகிடிக்குத்தான் சொன்னான். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டான்.

பூரணி சல்லிக் கடற்கரையில் பிறந்து வளர்ந்தவள். அங்கே வீட்டுக்குள் நடமாடுகிற எதற்கும் மனிசர் தின்பதைத்தான் போடுவார்கள். நாய்க்குச் சோறும் மீன் தலையும். பூனைக்கும் அதேதான். காகத்துக்கு வைப்பதும் சோறு. சோற்றை விட மேலான சாப்பாடு ஒன்றிருப்பதாக அவள் கேள்விப்பட்டதில்லை. அதுவும் இந்த வருசம். பர்மா அரிசி நின்றுபோய், கூப்பனுக்குக் கிடைக்கிற அரிசி மூன்று பேருக்கும் நாளுக்கு இரண்டு சுண்டுக்கு மேல் தேறவில்லை. சுண்டு என்பது சிகரெட் பேணிதான், அரிசி அளக்க வீட்டுக்கு வீடு இருக்கும். மிச்சப் பசிக்குப் பாஜிரிக் கஞ்சி, கோழிக்குப் போடுகிற தானியத்தைக் காய்ச்சின மாதிரி. மேலான சாப்பாடு எது என்று அவளிடம் யாராவது கேட்டிருந்தால் அவள் யோசித்திருக்கவே மாட்டாள்.

முதலில் ஒரு பிடி சோறு வைத்தாள். முயல் மோந்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. துளி சீனி போட்டுப் பிசைந்து வைத்தாள். தின்றது. அடுத்த கிழமை அரைச் சுண்டு. அதற்கடுத்த கிழமை காலையில் ஒன்று, பின்னேரம் ஒன்று. மெஸ்ஸிலிருந்து கலீல் கொண்டுவந்த பாண் விளிம்பும் சேர்ந்தது. பதினொன்றரை. பன்னிரண்டேகால். துரை கொப்பியில் எழுதும்போது சின்னதாகச் சிரித்தார். பின்னறையில் மூன்று பேரும் பாஜிரிக் கஞ்சி குடித்தார்கள். ஒருநாள் பத்மா, தான் குடித்து முடித்துவிட்டு முயல் தின்பதைக் கூட்டடியில் குந்திப் பார்த்துக்கொண்டிருந்ததைப் பூரணி கண்டாள். முயலின் வாய் அசைய அசையப் பிள்ளையின் வாயும் அசைந்தது. பூரணிக்கு அந்த மிருகத்தின் கழுத்தைத் திருக வேண்டும் போல வந்தது. திருகினால் யாருடைய கழுத்து திருகுப்படும் என்றும் தெரிந்தது. அன்றைக்கு இரவுச் சாப்பாட்டில் பிள்ளைக்கு ஒரு அகப்பை சோறாவது வைப்போம், முயலுக்குக் கொஞ்சம் குறைப்போம் என்று புருசனிடம் மெல்லக் கதை எடுத்தாள். சோமசேகரம் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தான்.

"குறைக்காதை" என்றான். "என்ர பாஜிரியில வேணுமெண்டா பிள்ளைக்குக் கூட ஊத்து. இப்ப என்ர காலைச் சுமந்துகொண்டு நடக்கிறது அந்தச் சீவன்தானே."

மறுநாள் காலையில் பத்மா பதுங்கு குழி விளிம்பிலிருந்து கைநிறையப் புல் பிடுங்கிக்கொண்டு வந்து கூட்டுக் கம்பிக்குள் நீட்டினாள். மார்கழி மழைக்குப் புல் ஈரமாக, விரல் தடிப்பில் வளர்ந்து நின்றது. முயல் துள்ளி வந்து கம்பியில் மூக்கை வைத்தது. பூரணி ஓடிவந்து பிள்ளையின் கையில் ஒரு அடி போட்டாள். துரைமாரின் முயல் தெருப் புல்லைத் தின்னுமா, இது என்ன வண்டில் மாடா, வயிற்றால் போனால் யார் பதில் சொல்வது என்று கத்தினாள். புல்லைப் பொறுக்கி எறிந்தாள். ஒரு நார் கூட உள்ளே கிடக்கக்கூடாது என்று கூட்டைக் கூட்டித் துடைத்தாள். அவ்வளவு சுத்தமாக அவள் தன் அறையைக் கூட வைத்திருந்ததில்லை.

பதினைந்து றாத்தல் வந்தது. துரை கலீலைப் பார்த்து ஏதோ சொன்னார். கெட்டிக்காரி என்று சொல்கிறார் என்றான் கலீல். அந்தக் கிழமை முழுக்க முயலின் பின்பக்கம் ஈரமாக ஒட்டிக் கிடந்தது. முன்பெல்லாம் கடலை கடலையாகப் புளுக்கை போடும். பிறகு களியாகப் போட்டது. புதன்கிழமையிலிருந்து ஒன்றுமே இல்லை. வியாழக்கிழமை சோமசேகரத்தை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய் வந்து பார்த்தால் காலையில் வைத்த சோறு அப்படியே காய்ந்து கிடந்தது. இன்னும் கொஞ்சம் சீனி போட்டாள். வெள்ளிக்கிழமை காலை முயல் மூலையில் உடம்பைக் குறுக்கிக்கொண்டு பல்லைக் கடித்தது. அந்தச் சத்தம், யாரோ தூரத்தில் சின்னக் கல்லால் கல்லை உரசுவதுபோல் கேட்டது.

மெஸ்ஸுக்கு ஆட்டுப்பால் கொண்டுபோகிற றம்ஸியா அந்த வழியாகத்தான் திரும்புவாள். பூரணி அவளைக் கைப்பிடியாய்க் கூட்டிவந்து காட்டினாள். றம்ஸியா கூட்டுக்குள் கையைவிட்டு முயலின் வயிற்றை அமுக்கிப் பார்த்தாள். முகம் மாறிவிட்டது.

"நீ இதுக்கு என்னத்தக் குடுத்த?"

"சோறு, ராத்தா. பாணும்."

"புல்லு?"

பூரணி தான் கூட்டித் துடைத்திருந்த கூட்டுத் தரையைப் பார்த்தாள்.

"இது புல்லுத் திங்கிற வயிறு, புள்ள. ஆட்டுக்குச் சோத்தக் குடுத்தா ஊதிச் செத்துப் போகும். இதுக்கும் அப்பிடித்தான். நாள் முழுக்கப் புல்லுக் கிடக்கோணும் இதுக்கு முன்னால. அளவெல்லாம் இல்ல, அது திங்கிற மட்டும். மத்ததெல்லாம் ஒரு கரண்டி, பெரிய முயலெண்டா ரெண்டு கரண்டி." கையை உதறிக்கொண்டு எழும்பினாள். "உன்ர பிள்ளைக்குக் குடுத்திருக்கலாமே அந்தச் சோத்த."

எல்லாரும் போய்விட்ட மலைச்சரிவில் வளவுக்கு வளவு புல் இடுப்புயரம் நின்றது. படலைகளை மூடிக்கொண்டு, கிணற்றடிகளை மூடிக்கொண்டு நின்றது. யாரும் கேட்க மாட்டார்கள், கூப்பன் தேவையில்லை. பூரணி இரண்டு கையாலும் பிடுங்கினாள். விரலை அறுத்தது, பிடுங்கினாள். சேலைத் தலைப்பில் கட்டிக் கொண்டுவந்து கொட்டிவிட்டுத் திரும்பவும் ஓடினாள். பத்மாவும் சொல்லாமலே பிடுங்கினாள். நாலு மணிக்குக் கூடு கூரை வரைக்கும் பச்சையாக நிறைந்திருந்தது. முயல் எங்கே கிடக்கிறது என்று புல்லை விலக்கித்தான் பார்க்க வேண்டியிருந்தது. அது கண்ணைத் திறந்தபடி கிடந்தது.

செத்த முயலை ஒளிக்கச் சொன்னான் சோமசேகரம். ஓடிப்போனது என்று சொல்லலாம் என்றான். ஓடிப்போனாலும் முயல் இல்லைதானே என்றாள் பூரணி. சனிக்கிழமை விடிய, வீட்டில் இருந்த அரிசி முழுவதையும் உலையில் போட்டாள். பத்மாவின் முன்னால் கோப்பை நிறையச் சோற்றை வைத்தாள். பிள்ளை நாலு வாய் தின்றாள். ஐந்தாவது வாயைக் கையில் வைத்துக்கொண்டு, "போதும் அம்மா, ஏலாது" என்றாள்.

துரை கோபப்படவில்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, விறாந்தையில் சாக்கின் மேல் கிடத்தியிருந்த முயலைக் கொஞ்ச நேரம் பார்த்தார். எவ்வளவு போட்டாய் என்று கலீலைக் கேட்கச் சொன்னார். காலையில் ஒரு சுண்டு, பின்னேரம் ஒரு சுண்டு என்றாள் பூரணி. கலீல் உடனே மொழிபெயர்க்கவில்லை. தூணடியில் நின்ற பத்மாவைப் பார்த்தான், பிறகு சொன்னான். துரையும் பத்மாவைப் பார்த்தார். அந்தப் பார்வையில் இரக்கம் இருந்தது. இல்லையென்று சொல்ல முடியாது. இரக்கத்தோடுதான் கையை நீட்டிப் பாஸைக் கேட்டார்.

கலீல் துரையின் பின்னாலேயே கார் வரைக்கும் நடந்து போய் வெகுநேரம் ஏதோ கதைத்தான். திரும்பி வந்தபோது பூரணியின் முகத்தைப் பார்க்கவில்லை.

"காலைப் பத்திச் சொன்னன், அக்கா. ரெண்டுதரம் சொன்னன். முயல் இல்லாம முயல் பாக்கிற ஆளுக்குப் பாஸ் குடுக்க ஏலாதாம். சட்டமாம்."

வண்டில் ஒன்றை அவன்தான் பிடித்துக் கொடுத்தான். கந்தளாயில் சோமசேகரத்தின் தமக்கை ஒருத்தி காடு வெட்டி வயல் செய்துகொண்டிருந்தாள். அங்கே மருந்து கட்ட யாரும் இல்லை. அடுத்த தவணை திங்கட்கிழமை என்று சோமசேகரம் தடையில் நின்ற காவலாளிக்குத் தமிழில் விளங்கப்படுத்தினான். காவலாளி தலையை ஆட்டிவிட்டுக் கட்டையை உயர்த்தினான். வண்டில் போன பிறகு கட்டை இறங்கிய சத்தம் கேட்டது.

மூன்றாம் மைல்கட்டையடியில் வண்டில்காரன் மாட்டை அவிழ்த்துத் தண்ணீர் காட்டினான். சோமசேகரம் பலகையில் காலை நீட்டிக் கிடந்தான். வியாழக்கிழமை கட்டிய துணியில் மஞ்சள் ஒரு சல்லிக்காசு அளவில் ஊறியிருந்தது. ஈயொன்று அதில் இருந்து எழும்பித் திரும்பவும் இருந்தது. பத்மா தாயின் மடியில் தூங்கிப்போனாள். மாடு வாய்க்கால் கரையில் இறங்கிப் புல்லுக்குள் முகத்தைப் புதைத்தது. யாரும் அதை இழுக்கவில்லை. நாக்கைச் சுழற்றி வளைத்து, அறுத்து, தலையைத் தூக்காமல், ஒரே சத்தமாக அது தின்றுகொண்டே இருந்தது. கரை நெடுகப் புல் இருந்தது. பூரணி ஈயை ஓட்ட மறந்து அந்த வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.