போகலாம்

மலையிலிருந்து பனியில் சறுக்குவண்டி விட்டு இறங்கும் அந்த ஊர்ச் சறுக்குப்பாதைக்கு மூன்றே மூன்று சொற்கள்தான். நன்று, போகலாம், மூடல். விடிந்ததும் ஃபிலோமெனா பாதையில் ஏறிப் போவாள். குதிகாலால் பனியை மிதித்துப் பார்ப்பாள். இறங்கி வந்து, மூன்றில் ஒன்றைச் சுற்றுலா அலுவலகத்தின் இணையப்பக்கத்தில் போடுவாள். அதன் கீழே ஓரிரு வரி ஆலோசனை: கெட்டியான பூட்ஸ் போடுங்கள், குழந்தைகளுக்குத் தலைக்கவசம், காட்டு வளைவில் வேகத்தைக் குறையுங்கள். அதைப் பார்த்துவிட்டுத்தான் மியூனிக்கிலிருந்து கார்கள் கிளம்பும்.

மியூனிக்கில் அவள் மகள் யூடித்தும் அதைப் பார்ப்பாள். பதின்மூன்று வயது. விவாகரத்துக்குப் பிறகு அப்பாவோடு அங்கே போய்விட்டாள். "பனி இருந்தா லீவுக்கு வர்றேம்மா. புது வருஷம் வரைக்கும் இருப்பேன்" என்று போனில் சொல்லியிருந்தாள். ஃபிலோமெனாவும் "சரிடி, பாப்போம்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

பனி இல்லை. கிறிஸ்துமஸுக்கு முன்னால் வெதுவெதுப்பான தெற்குக் காற்று ஆரம்பித்தது. இருந்த பனியையெல்லாம் தின்றுவிட்டு, பண்டிகை முடிந்த பிறகுதான் ஓய்ந்தது. பாதையின் கீழ்ப்பாதியில் புல் தெரிந்தது. மேல்பாதியில் பகலில் உருகியது இரவில் உறைந்து கிடந்தது.

அன்று காலை காட்டு வளைவில் அவள் குதிகாலை ஊன்றினாள். டொக் என்றது. நல்ல பனி கருக் என்று சொல்லும். ஈரப்பனி சளக் என்னும். டொக் என்றால் வெறும் பனிக்கட்டி; பேச்சே இல்லை, மூடல்.

பனியைச் சமன் செய்யும் வண்டியை ஓட்டும் விகில், வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி வந்தான்.

"நானே சொல்லிடறேன் மேனா. கீழ்ப்பாதி மாட்டுக்கு மேய்ச்சல். மேல்பாதி பல் டாக்டருக்கு வருமானம். மூடலைப் போட்டுட்டு வா, காப்பி குடிக்கலாம்."

"போகலாம்னு போடப் போறேன்."

"எங்க போகலாம்? ஆஸ்பத்திரிக்கா?"

அவள் சிரிக்கவில்லை. "இன்னைக்கு ஒரு நாள்தான் விகில். நாளைக்குப் பனி கொட்டும்னாங்க."

"யாரு சொன்னா?"

யாரும் சொல்லவில்லை. விகில் அவள் முகத்தைப் பார்த்தான்.

"யூடித் வர்றாளா?"

"வரலாம்."

"வளைவுல மோதினா அடிபடாம வைக்கோல் கட்டு அடுக்கி வைக்கிறேன்" என்றான். "ஆனா இது சரியில்ல."

வீட்டுக்கு வந்து அந்தச் சொல்லைப் போட்டாள். காட்டு வளைவில் இறங்கி நடக்கவும் என்று கீழே எழுதினாள். எழுதியதும் நெஞ்சு கொஞ்சம் ஆறியது. பிறகு யூடித்தின் அறையில் ஹீட்டரைத் திருப்பினாள். பழைய மரச் சறுக்குவண்டியை எடுத்து, அடியில் இருந்த இரும்புப் பட்டைகளுக்கு மெழுகு தேய்த்தாள். ரொட்டி உருண்டை சூப்புக்கு எலும்பை அடுப்பில் ஏற்றினாள்.

சறுக்குவண்டியோடு பாதையின் அடிவாரத்துக்குப் போய் நின்றாள். மதியத்துக்கு முன்பே கார் வந்துவிட்டது. யூடித் ஓடி வந்து கட்டிக்கொண்டாள். உயரமாகியிருந்தாள். பின் இருக்கையில் நீலப் பை ஒன்று புடைத்துக் கிடந்ததை ஃபிலோமெனா பார்த்தாள். ஒரு வாரத்துக்கான பை.

"எப்படி இருக்க மேனா? காலைல உன் இணையப்பக்கத்தைப் பாத்ததும் இவ தூங்க விடல" என்றான் யூடித்தின் அப்பா ஹார்ட்விக். "நீங்க போயிட்டு வாங்க. நான் இங்க கடையில காப்பி குடிக்கிறேன்."

"பையை எடுத்துக்கவா?" என்றாள் ஃபிலோமெனா.

"அப்புறம்மா! முதல்ல பாதை!"

இருவரும் சறுக்குவண்டியின் கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஏறினார்கள். இரும்புப் பட்டை கல்லில் உரசிக் கிறீச்சிட்டது. யூடித் முதலில் பள்ளிக்கூடக் கதைகளாகச் சொல்லிக்கொண்டு வந்தாள். புல் தெரிந்த இடத்தில் பேச்சு குறைந்தது. காட்டு வளைவில் வைக்கோல் கட்டுகளைக் கண்டதும் நின்றாள். குதிகாலைத் தூக்கி ஊன்றினாள்.

டொக்.

இன்னொரு இடத்தில் ஊன்றினாள். டொக்.

நாலு வயதில் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு இதே வளைவில் கற்றுக்கொண்டது.

"இது மூடல்மா."

"ஓரமா மெதுவாப் போனா…"

"மூடல்." குரல் உயரவில்லை. "உனக்குத் தெரியாதா?"

"தெரியும்டி." ஃபிலோமெனா கயிற்றைக் கையில் சுற்றினாள். "நீ வரணும்னுதான்."

யூடித் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "அப்பா வீட்டை விட்டுப் போறதுக்கு முன்னாடி எதைக் கேட்டாலும் எல்லாம் நல்லாத்தான் இருக்குன்னு சொல்லுவார். நீ அப்ப என்ன சொன்ன? நான் இருக்கறதைத்தான் எழுதறவ, உங்கிட்டயும் இருக்கறதைத்தான் சொல்லுவேன்னு சொன்னே. கிளாஸ்ல எல்லார்கிட்டயும் பீத்திக்குவேன் தெரியுமா? எங்கம்மா போட்டா கண்ணை மூடிட்டுக் கிளம்பலாம்னு."

மேலே சிரிப்புச் சத்தம் கேட்டது. ஹாலந்திலிருந்து வந்த ஒரு குடும்பம். குட்டிப் பையன் ஒருவனைச் சறுக்கிப் போகும் சிவப்புப் பிளாஸ்டிக் தட்டில் உட்கார வைத்துக்கொண்டிருந்தார்கள். தலையில் கம்பளித் தொப்பி மட்டும்.

யூடித் ஓடினாள். வழுக்கி, ஒரு முழங்காலை ஊன்றி எழுந்து, தட்டின் முன்னால் கையை விரித்து நின்றாள்.

"தள்ளாதீங்க! தள்ளாதீங்க!"

"என்னம்மா நீ? போகலாம்னுதானே போட்டிருக்கு?" என்றார் பையனின் அப்பா.

"தப்பாப் போட்டுட்டாங்க."

"யாரு?"

யூடித் திரும்பிப் பார்க்கவில்லை. "தெரியல. யாரோ."

அந்த 'யாரோ' ஃபிலோமெனாவின் காதில் விழுந்தது. கையுறையைப் பல்லால் கடித்து உருவிவிட்டு, போனில் சொல்லை மூடல் என்று மாற்றினாள். விகிலைக் கூப்பிட்டுத் தடுப்பு போடச் சொன்னாள். "இதோ" என்றான்.

இறங்கும்போது சறுக்குவண்டியை ஆளுக்கொரு பக்கமாகத் தூக்கிக்கொண்டார்கள். யூடித்தின் முழங்காலில் கால்சட்டை கிழிந்திருந்தது.

"வலிக்குதா?"

"இல்ல."

வெகுதூரம் நடந்த பிறகு யூடித் சொன்னாள்: "பனி இல்ல, இருந்தாலும் வாடின்னு ஒரு வார்த்தை போன்ல சொல்லியிருந்தா வந்திருப்பேன்மா."

ஃபிலோமெனாவுக்கு அது தோன்றவே இல்லை. பனி இல்லாத வீட்டில், தன்னை மட்டும் பார்க்க ஒரு பிள்ளை மியூனிக்கிலிருந்து வருவாள் என்று அவள் நினைத்ததே இல்லை.

ஹார்ட்விக் காரில் சாய்ந்தபடி போனைக் காட்டினான். "இப்ப மூடல்னு வருதே மேனா? நாங்க நாளைக்குப் பனியாறு பக்கம் போறோம். அங்க எப்பவும் பனி இருக்கும். ஆனா இங்க இருக்கறதும் எங்கூட வர்றதும் இவ இஷ்டம்தான்."

யூடித் பின் இருக்கையில் கிடந்த நீலப் பையைப் பார்த்தாள். பிறகு அம்மாவின் பூட்ஸைப் பார்த்தாள்.

"கோவமெல்லாம் இல்லம்மா. ஈஸ்டருக்கு வர்றேன்." காரின் கதவைப் பிடித்துக்கொண்டாள். "நான் போகலாமா?"

இருடி என்று சொன்னால் இருந்துவிடுவாள். சூப்பைக் குடிப்பாள், நன்றாக இருக்கிறது என்றும் சொல்வாள். பை மூடியபடியே கிடக்கும்.

"போகலாம்" என்றாள் ஃபிலோமெனா.

யூடித் கட்டிக்கொண்டாள். காலையில் கட்டிக்கொண்டதைவிட மெதுவாக. கார் தேவாலயத்தைத் தாண்டித் திரும்பும்வரை பின்கண்ணாடியில் ஒரு கை அசைந்துகொண்டிருந்தது.

வீடு வரைக்கும் சாலையில் பனி என்று எதுவும் இல்லை. ஃபிலோமெனா சறுக்குவண்டியைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தாள். காலையில் தேய்த்த மெழுகு கழுத்தில் ஒட்டியது.