படத்தில் தெரிந்த பழைய முறிவுகள்

அவன் லிஃப்ட் பழுது பார்ப்பவன். இருபது மாடி ஆழக் குழிக்குள் அலட்டிக்கொள்ளாமல் இறங்குகிறவன், அன்று எக்ஸ்ரே அறை வாசலில் உள்ளே போகத் தயங்கி நின்றான். காலையில் ஐந்து மாத மகளுக்கு டயபர் மாற்றக் காலைத் தூக்கியபோது 'டக்'கென்று ஒரு சத்தம். பிறகு அந்த அலறல்.

படத்தைப் பார்த்த டாக்டர் முகம் கொடுத்துப் பேசவில்லை.

"தொடை எலும்பு முறிஞ்சிருக்கு. விலாவுல ரெண்டு பழைய முறிவு, தானா ஆறியிருக்கு. அது எப்படி வந்துச்சு?"

"சத்தியமா தெரியல சார்."

அதன்பின் எல்லாம் மளமளவென்று நடந்தது. குழந்தைகள் நல அலுவலர் வந்தார். நர்ஸ் பக்கத்தில் இல்லாமல் பெற்றவர்கள் குழந்தையைத் தொடக்கூடாது என்றார். மனைவி அவனை ஒரு பார்வை பார்த்தாள்.

"நீயும் என்னை நம்பலையா?"

"நம்புறேங்க. அதான் பயமா இருக்கு. நாம இல்லைன்னா வேற என்ன அது?"

மறுநாள், குழந்தைகளின் எலும்பு முறிவுகளை ஆராயும் பெண் டாக்டர் வந்தார். குழந்தையின் கண்களை உற்றுப் பார்த்தவர் சட்டென்று அவன் பக்கம் திரும்பினார்.

"நீங்க ஜன்னல்கிட்ட வாங்க. மேல பாருங்க."

போலீசைக் கூப்பிடப் போகிறார்கள் என்றே அவனுக்குத் தோன்றியது.

"சின்ன வயசுல எலும்பு ஏதாவது உடைஞ்சிருக்கா?"

"கை மூணு தடவை, கால் ஒரு தடவை. ஆட்டம் அடங்கலன்னு அப்பாகிட்ட அடியும் வாங்கியிருக்கேன்."

"கண்ணுல வெள்ளையா இருக்க வேண்டிய பகுதி உங்களுக்கும் பாப்பாவுக்கும் லேசா நீலமா இருக்கு. எலும்பு சட்டுன்னு உடையற பிறவிக் கோளாறு ஒண்ணு உண்டு. எங்க ஆராய்ச்சியில இப்படி நாப்பது குடும்பம் இருக்காங்க. ரெண்டு பேர் ரத்தத்தையும் பரிசோதிப்போம், முடிவு வரட்டும்."

மூன்று வாரம். போன் அடிக்கும்போதெல்லாம் ஆஸ்பத்திரி எண்தானா என்று ஓடிப்போய்ப் பார்த்தான்.

முடிவு வந்தது. அவனிடமிருந்து மகளுக்குப் போன கோளாறுதான். அலுவலர் மன்னிப்புக் கேட்டார். மனைவி வாய்விட்டு அழுதாள். அவனுக்கோ ஒரு பயம் எழுந்து போன இடத்தில் இன்னொன்று வந்து உட்கார்ந்துகொண்டது.

"பாப்பாவைத் தூக்குங்க," என்றார் அந்தப் பெண் டாக்டர். "அக்குள்ல கை கொடுக்காதீங்க. ஒரு கை தலைக்கு அடியில, இன்னொண்ணு இடுப்புக்கு அடியில."

"மறுபடியும் உடைஞ்சா?"

"உடையலாம். மருந்து கொடுத்தா குறையும். அதுக்காகத் தூக்காமலே இருப்பீங்களா?"

மூச்சை அடக்கிக்கொண்டு தூக்கினான். மனைவி தன் கைகளையும் அடியில் நீட்டியபடி நின்றாள். மகள் அவன் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தாள்.

வீட்டுக்குப் போகும் வழியில் டாக்சிக்காரரிடம் பத்துத் தடவையாவது, "மெதுவாப் போங்க" என்றிருப்பான்.

"இதுக்கு மேல மெதுவாப் போனா வண்டி நின்னுடும் சார்," என்றார் அவர்.

"நின்னாலும் பரவாயில்ல, குலுங்காம இருந்தா சரி."